படத்தில் பெரிதாகும் அறை

வீட்டு அலங்காரத்தைத் தொழிலாகச் செய்யும் சகோதரிகள் இன்று துணித்துண்டையும் நிறத்தாளையும் மட்டும் காட்டுவதில்லை; அறையையே கணனியில் கட்டிக் காட்டுகிறார்கள். 'ஸ்வீட் ஹோம் 3டி' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மேலே சுவர்களை வரைந்து, கதிரை, அலுமாரிகளை இழுத்து வைத்தால் கீழே அறை முப்பரிமாணத்தில் எழும்பும். வாசலில் நின்றால் உள்ளறை தெரிகிறதா என்று ஆள் உயரத்திலிருந்தே பார்க்கலாம். திசைகாட்டியும் உண்டு, வடக்கைச் சரியாகக் குறித்தால், கிப்லாவை நோக்கித் தொழ எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதும் விளங்கும்.

ஆனால், பார்வைக் கோணத்தை அகலமாக்கினால் பத்தடி அறையும் மண்டபம்போலத் தோன்றும். அதை நம்பி ஏழடி சோபா வாங்கும் வீட்டார், கதவைத் திறக்க முடியாமல் நிற்பார்கள். காசு அவர்களுடையதல்லவா! மென்பொருளிலுள்ள சோபாவின் அளவும் கடைச் சோபாவின் அளவும் ஒன்றல்ல. கடையில் அளந்து வந்து நீள அகலத்தை மாற்றிவிட்டே படத்தைக் காட்டுங்கள். நடக்க மூன்றடியாவது விடுங்கள். நிறத்திலும் திரையை நம்ப வேண்டாம். சிறிய டின் பெயின்ட் வாங்கி, அதே சுவரில் ஒரு சாண் பூசி, பகலிலும் இரவு விளக்கிலும் அவர்கள் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.