திருவுளச் சீட்டும் விவிலியமும்



அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் நமக்குக் குலுக்கல் புதிதல்ல. வீட்டு வசதி வாரிய வீடு குலுக்கலில் கிடைத்தவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் வேறொரு சீட்டும் உண்டு. மகளுக்கு வந்த இரண்டு வரன்களின் பெயர்களைத் தாளில் எழுதி, மாதா சுரூபத்தின் பாதத்தில் வைத்து, செபமாலை சொல்லி, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்கிறோம். 'திருவுளச் சீட்டு' என்கிறோம். விவிலியத்திலேயே இருக்கிறதே என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

இருக்கத்தான் செய்கிறது. எதற்காக இருந்தது என்பதே கேள்வி.

சீலோவில் யோசுவா ஏழு குலங்களுக்கு நிலம் பங்கிட்டபோது சீட்டுப் போட்டார் (யோசு 18). அதற்கு முன்பே குலத்துக்கு மூன்று பேர் நாடெங்கும் நடந்து, அதை ஏழு பங்காக எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். மனிதர் செய்யவேண்டிய வேலை முடிந்த பிறகுதான் சீட்டு வந்தது. வலியவன் நல்ல நிலத்தைப் பிடித்துக்கொண்டான் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆலயப் பாடகர்களின் பணிமுறையிலும் அப்படியே. ஆசிரியர், மாணவர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை (1 குறி 25:8). செக்கரியா தூபம் காட்டச் சென்றதும் சீட்டு விழுந்ததால்தான் (லூக் 1:9).

தலைமைக்குருவின் மார்புப்பட்டையில் இருந்த ஊரிம், தும்மிம் வழியாகவும் ஆண்டவரின் திருவுளத்தைக் கேட்டார்கள். அவை கற்களா, குச்சிகளா என்று விவிலியம் சொல்வதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்கிறது: கேட்டபோதெல்லாம் பதில் வரவில்லை. சவுல் கேட்டார், ஆண்டவர் மௌனமாக இருந்தார் (1 சாமு 28:6). பொறுக்கமாட்டாமல் சவுல் ஏந்தோரில் குறிசொல்பவளைத் தேடிப் போனார். நம் வீட்டுச் சீட்டுக்கு மௌனமாக இருக்கத் தெரியாது. எடுத்தால் ஏதோ ஒரு பெயர் வந்தே தீரும்.

மத்தியாவின் தேர்வை எடுத்துக்கொள்வோம் (திப 1:21-26). யோவானின் திருமுழுக்குக் காலம் முதல் உடனிருந்தவராக வேண்டும் என்று பேதுரு முதலில் தகுதி வகுத்தார். தகுதியான இருவரை முன்னிறுத்தி, மன்றாடி, அதன்பின் சீட்டுப் போட்டார்கள். நமக்கு அருகிலுள்ள உத்திரமேரூரிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு (கி.பி. 921) வயது, நிலம், கல்வி, ஒழுங்காகக் கணக்குக் காட்டியது எல்லாவற்றையும் பார்த்த பிறகே ஓலையைக் குடத்தில் இடச் சொல்கிறது. ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத சிறுவன்.

பெந்தக்கோஸ்துக்குப் பிறகு புதிய ஏற்பாட்டில் இறைமக்கள் சீட்டுப் போட்டதாக எங்கும் இல்லை. பந்தியில் பணிபுரிய எழுவர் தேவைப்பட்டபோது, சீடர்களே கூடித் தேர்ந்துகொண்டார்கள் (திப 6). புனித தாமஸ் அக்குவினாஸ் இதைச் சுட்டிக்காட்டி, பொருளைப் பங்கிடச் சீட்டுப் போடலாம், திருச்சபைப் பொறுப்புகளுக்கு ஆள் தேர அது முறையல்ல என்கிறார்.

அப்படியானால் திருமணம்? அது பங்கிடும் நிலமல்ல. மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, அதற்குப் பதிலாக எந்த மனித அதிகாரமும் நிற்க முடியாது என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 1057). ஓலை வாசிக்குமுன் பங்குத்தந்தை பெண்ணை அழைத்து, "உனக்குச் சம்மதமா, அம்மா?" என்று கேட்கிறார். மாதா பாதத்தில் தாளை வைக்குமுன் வீட்டில் யாராவது அவளிடம் அதைக் கேட்டிருப்போமா?