எல்லாம் நார்மல் என்கிற ரிப்போர்ட்

தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்துக்கு சானடோரியம் என்ற பெயர் வரக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு இவைதான் வைத்தியம். நோயாளியின் எடை ஏறினால் நோய் இறங்குகிறது என்று கணக்கு. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பதாலோ என்னவோ, இந்த வட்டாரத்தில் ஒருவர் மெலிந்து போனால் முதலில் நினைவுக்கு வருவது டிபி. பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை எந்தக் குடும்ப டாக்டரும் நெஞ்சு எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் எழுதிக் கொடுப்பார். அது சரியான முதல் படி.

தவறு அடுத்த படியில் நடக்கிறது. டிபி இல்லை, சுகர் இல்லை, தைராய்டு பரவாயில்லை, ரத்தத்தில் கொஞ்சம் சோகை. “எல்லாம் நார்மல்தாம்மா, நல்லா சாப்பிடச் சொல்லுங்க” என்று ஒரு சத்து டானிக்கோடு விசாரணை முடிந்துவிடுகிறது. சாப்பிட முடியாத நோய் இல்லை என்று தெரிந்தபின், சாப்பிடாமல் இருக்கும் நோய் உண்டா என்று கேட்பவர் குறைவு.

இந்தக் குழப்பம் புதிதல்ல. பசியின்மை என்று பெயர் பெற்ற அனோரெக்சியா நெர்வோசாவின் முதல் தெளிவான மருத்துவக் குறிப்பு ஒரு காசநோய் நூலில்தான் இருக்கிறது. 1689-ல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் எழுதிய நூல் அது. 18 வயதுப் பெண் எலும்பும் தோலுமாக அவரிடம் வந்தாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. மருந்துகளைச் சில நாள் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்றாள். மூன்று மாதத்தில் மயங்கி விழுந்து இறந்தாள். நுரையீரலில் நோய் இல்லாமலும் உடம்பு கரையும் என்று மார்ட்டனுக்குப் புரிந்தது. அதற்கு ஒரு பெயர் கிடைக்க 1873 வரை, லண்டனில் வில்லியம் கல்லும் பாரிசில் சார்ல்ஸ் லசேக்கும் எழுதும் வரை ஆயிற்று. உண்பதும் வாந்தி எடுப்பதும் மாறி மாறி வரும் புலிமியாவை ஜெரால்ட் ரஸ்ஸல் 1979-ல்தான் தனி நோயாக விவரித்தார்.

மனநோய்களிலேயே அதிக உயிரிழப்பைத் தரும் வரிசையில் அனோரெக்சியா இருக்கிறது. 2011-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, அதே வயதுடைய மற்றவர்களைவிட இந்நோயாளிகள் இறக்கும் விகிதம் ஐந்து மடங்குக்கு மேல். அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை. மீதியில் பெரும்பகுதி இதயமும் ரத்த உப்புகளும் செய்யும் வேலை. நமக்குப் பக்கத்திலேயே, 2025 மார்ச்சில், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருவர் இறந்தபோது, மருத்துவர்கள் சந்தேகித்தது இந்நோயைத்தான். எடை கூடிவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் சாப்பாட்டைத் தவிர்த்து, இணையத்தில் பார்த்த டயட்டைப் பின்பற்றினார் என்று செய்திகள் வந்தன. இரண்டு நாள் பரபரப்புக்குப் பிறகு அந்தச் செய்தி மறைந்தது.

இது பணக்கார நாட்டு வியாதி என்று இன்னும் சொல்பவர்களுக்கு: சென்னை மருத்துவ மாணவர்கள் 210 பேரிடம் நடத்திய ஆய்வை டி.என்.சீனிவாசன் குழுவினர் 1995-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 31 பேருக்கு உணவு, எடை தொடர்பான மன உளைச்சல் இருந்தது. முழு நோய் என்று சொல்ல முடியாத, ஆனால் அதன் வாசலில் நிற்கிற நிலை. அதாவது நோயைக் கண்டுபிடிக்க வேண்டியவர்களில் ஏழில் ஒருவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மனநலப் பிரிவிலிருந்து 2007-ல் வந்த ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. உண்ணல் கோளாறு என்று பதிவான 41 பிள்ளைகளில் 35 பேருக்கு மன அழுத்தத்தால் வரும் வாந்தி. 6 பேருக்குத்தான் அனோரெக்சியா. புலிமியா ஒன்றுகூட இல்லை.

பாடப்புத்தகத்தில் உள்ள நோயாளி, “நான் குண்டாக இருக்கிறேன்” என்று கண்ணாடி முன்னால் அழுவாள். நம் ஊர் நோயாளி பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. வயிறு உப்புசம், ரெண்டு வாய் சாப்பிட்டதும் நிறைஞ்சுபோச்சு, புளிச்ச ஏப்பம், மலச்சிக்கல் என்றுதான் சொல்வாள். குடல் நோய் மருத்துவரிடம் போய் எண்டோஸ்கோப்பியும் முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி, ஏகாதசி என்று ஒரு நாள் இருந்த விரதம் நான்கு நாளாக வளர்ந்திருக்கும். பக்தியான பெண் என்று வீட்டில் பெருமையும் இருக்கலாம். விரதத்தில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் விரதம் முடிக்கும் வேளை வந்தும் சாப்பிடாமல் இருக்கச் சாக்குத் தேடுகிறாளா என்பதைப் பார்க்க வேண்டும்.

நோயாளி நுழைகிற வாசல்கள் பல. மாதவிலக்கு நின்றுவிட்டது என்று மகப்பேறு மருத்துவரிடம் வருவாள். ஸ்கேனில் சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகள்போல ஏதாவது தெரிந்தால் பிசிஓடி என்ற முத்திரை விழும். அதோடு ‘எடையைக் குறை’ என்ற அறிவுரையும் சேரும். மருந்துச்சீட்டிலேயே நோய்க்கு அனுமதி கிடைத்த மாதிரி ஆகிறது. ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் மாதாமாதம் ரத்தம் வரும். குடும்பமும் நிம்மதி அடையும். எலும்பு தேய்வதோ நிற்காது. மாத்திரையால் வருகிற உதிரப்போக்கு உடல் தேறியதற்கு அடையாளமாகாது.

ரத்தப் பரிசோதனையிலும் இப்படிப் பொறிகள் உண்டு. பட்டினி கிடக்கும் உடம்பில் கொலஸ்ட்ரால் ஏறலாம். அதைப் பார்த்து எண்ணெய், முட்டை மஞ்சள் கருவை நிறுத்தச் சொன்னால் கதை கெட்டது. தைராய்டு டி3 குறைந்திருக்கும். அது உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்வது. தைராய்டு மாத்திரை கொடுப்பது ஏற்கெனவே தளர்ந்த இதயத்தை விரட்டுவதாகும். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களின் முன்பற்களின் உட்புறம் எனாமல் கரைந்திருக்கும். மேடவாக்கம், குரோம்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர் குடும்ப டாக்டருக்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க முடியும். கன்னத்தின் இருபுறமும் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி, பொன்னுக்கு வீங்கி என்று வைத்தியம் பார்க்கப்படுவதும் உண்டு.

மெலிந்தவர்களை மட்டும் சந்தேகித்தால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். புலிமியா உள்ளவர் சாதாரண எடையில் இருப்பார். அளவின்றி உண்ணும் கோளாறு உள்ளவர் பருமனாகவே இருக்கலாம். நல்ல பருமனாக இருந்த பையன் நான்கு மாதத்தில் வேகமாக இளைத்தால் ஓஎம்ஆர் அலுவலகத்தில் எல்லோரும் கைகுலுக்குவார்கள். அவனுடைய நாடித்துடிப்பு குறைந்திருப்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எடை இன்னும் ‘நார்மல்’ என்றாலும், எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதைப் பொறுத்து இதயம் பாதிக்கப்படும். ஆண் பிள்ளைகளுக்கு வராது என்பதும் கதைதான். ஜிம், புரோட்டீன் பவுடர், ‘கட்டிங்’ என்ற பெயர்களில் அவர்களுக்கு வருகிறது. 2025-ல் மௌன்ஜாரோ, வெகோவி போன்ற எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றை எழுதும் முன் உணவோடு அந்த நபருக்கு இருக்கும் உறவைக் கேட்காத மருத்துவர், பெரும் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறார் என்றே சொல்வேன்.

கேட்பதற்குப் பெரிய பயிற்சி வேண்டாம். 1999-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஐந்து கேள்விகள் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகின்றன. வயிறு நிறைந்துவிட்டதே என்று சங்கடப்பட்டு வாந்தி எடுப்பதுண்டா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போகிறதென்று கவலையா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா? மற்றவர்கள் ஒல்லி என்று சொன்னாலும் குண்டாக இருப்பதாகத் தோன்றுகிறதா? சாப்பாடுதான் வாழ்க்கையையே ஆள்கிறது என்று சொல்வாயா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மேலே விசாரிக்க வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க எந்தப் பெண்ணும் முதல் கேள்விக்கு உண்மை சொல்ல மாட்டாள். “கொஞ்சம் வெளியே இருங்கம்மா, ரெண்டு நிமிஷம் தனியா பேசிடறேன்” என்று சொல்லத் தெரிந்தால் போதும். அந்தத் தனிமையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதையும் நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

அடுத்தது கையால் தொட்டுப் பார்ப்பது. எடை பார்க்கும் நாளில் எண்ணைக் கூட்டிக் காட்டும் தந்திரங்கள் உண்டு. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. எடை மெஷினை மட்டும் நம்பக் கூடாது என்பதைச் சொன்னால் போதும். பிரிட்டனின் ராயல் மனநல மருத்துவர் கல்லூரி 2022-ல் தந்த வழிகாட்டுதல் அபாய எல்லைகளைத் தெளிவாகச் சொல்கிறது. நாடித்துடிப்பு 40-க்குக் கீழ். மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழ், அல்லது எழுந்து நின்றதும் 20-க்கு மேல் சரிவது. உடல் வெப்பம் 35.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழ், அதாவது சுமார் 96 பாரன்ஹீட். ஏற்கெனவே மெலிந்தவர் இரண்டு வாரமாக வாரத்துக்கு ஒரு கிலோ வீதம் இழப்பது. குந்தி உட்கார்ந்து கையூன்றாமல் எழ முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பும் விஷயம். இதற்குத் தேவைப்படுவது ஒரு பிபி கருவி, ஒரு தெர்மாமீட்டர், ஐந்து நிமிஷம். ஓட்டப்பந்தயம் ஓடும் பிள்ளை, அதனால் பல்ஸ் கம்மி என்ற விளக்கத்தை ஈசிஜி பார்க்காமல் ஏற்கக் கூடாது.

இனி நம் ஊருக்கே உரிய ஆபத்துக்கு வருவோம். “டாக்டர், ரொம்ப சோர்ந்து கிடக்கறா. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்களேன், தெம்பு வந்துடும்.” எந்தத் தெருமுனைக் கிளினிக்கிலும் கேட்கும் வேண்டுகோள் இது. பெரும்பாலான காய்ச்சல் நோயாளிகளுக்கு அந்தப் பாட்டிலால் நன்மையோ தீமையோ பெரிதாக இல்லை. வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு அது உயிரைப் பறிக்கக்கூடும்.

நடப்பது இதுதான். பட்டினியில் இன்சுலின் அடங்கிக் கிடக்கிறது. உடம்பு கொழுப்பையும் தசையையும் எரித்து ஓடுகிறது. பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் இவற்றின் கையிருப்பு திசுக்களில் தீர்ந்துகொண்டே வந்தாலும் ரத்தத்தில் அளவு ஒப்பேறிக்கொண்டிருக்கும். அதனால்தான் ரிப்போர்ட் நார்மல் என்று வருகிறது. திடீரெனச் சர்க்கரை உள்ளே வந்ததும் இன்சுலின் எழுகிறது. ரத்தத்தில் இருந்த உப்புகளைச் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. முதல் சில நாட்களுக்குள் பாஸ்பேட் சரிகிறது. இதயத்துடிப்பு தாறுமாறாகிறது. மூச்சுத் தசை தளர்கிறது. சர்க்கரையை எரிக்க வேண்டிய பி1, அதாவது தயமின், தீர்ந்துபோய் மூளையும் குழம்பலாம். வாந்தியால் பொட்டாசியம் ஏற்கெனவே குறைந்தவருக்கு வெறும் குளுக்கோஸ் அதை இன்னும் கீழே தள்ளும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிலிப்பைன்ஸில் பட்டினியோடு சரணடைந்த ஜப்பானிய வீரர்களுக்குச் சாப்பாடும் வைட்டமினும் கொடுத்தும் பலர் இறந்தார்கள். அதை 1951-ல் மருத்துவ இதழ் பதிவு செய்தது. ஆக, மருத்துவ உலகம் இதை அறிந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குளுக்கோஸுக்கு முன் தயமின். உணவு தொடங்கும் முன்னும் அதன்பின் தினமும் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் அளவைப் பார்க்க வேண்டும். நம் லேப்களில் ‘எலக்ட்ரோலைட்ஸ்’ என்று எழுதினால் பாஸ்பேட் பொதுவாக அதில் வராது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பயந்துபோய் அரை வயிறு, கால் வயிறு கொடுத்து இழுத்தடிப்பதும் கொல்லும். ஆகவே ஆபத்துக் கட்டத்தில் இருப்பவருக்கு இது கிளினிக்கில் நடக்கிற வேலையல்ல.

அந்தக் கட்டத்துக்கு வராதவர்களைக் குடும்ப டாக்டரே கவனிக்கலாம், மனநல மருத்துவரோடு சேர்ந்து. அனோரெக்சியாவைக் குணப்படுத்தும் மாத்திரை இல்லை. பசி எடுக்கும் டானிக்கும் உதவாது. அவளுக்குப் பசி இருக்கிறது, அதைத்தான் அடக்கிக்கொண்டிருக்கிறாள். புலிமியாவுக்கு ஃபுளூஆக்ஸ்டின் ஓரளவு பயன் தரும். பள்ளி, கல்லூரி வயதினருக்கு நல்ல பலன் தெரிந்தது, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சைதான். சாப்பாட்டுப் பொறுப்பைச் சில மாதம் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்வது அதன் சாரம். நம் வீடுகளுக்கு அது பொருந்தும். ஆனால் பாட்டி, அத்தை, சித்தி என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னால் உடையும். “இப்பத்தான் முகம் தெளிஞ்சிருக்கு, கன்னம் வெச்சிருக்கு” என்று பாராட்டாகச் சொல்வதும் அவள் காதில் வேறாக விழும். உருவத்தைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பது நல்லது.

இதற்கென்றே தனி வார்டு எங்கே என்று தேடி நாளைக் கடத்த வேண்டாம். பொது மருத்துவமும் மனநலத் துறையும் ஒரே வளாகத்தில் உள்ள இடமாகப் பார்த்து அனுப்பினால் போதும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தென்புறநகருக்குப் பக்கம். 2017-ன் மனநலச் சட்டப்படி, உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர நிறுவனங்கள் கடமைப்பட்டவை. டெலிமானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மயக்கம், படபடப்பு, எழுந்திருக்க முடியாத தளர்ச்சி என்றால் அந்த எண்ணுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வருகிற ஊழியரிடம் எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள், குளுக்கோஸ் போடும் முன்பே.