விளக்கின் நிறமும் நூலின் நிறமும்

சென்ற ஐப்பசியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நாம் சரக்கிருப்பைத் தணிக்கை செய்துகொண்டிருந்த வேளையில், அங்கத்தினர் ஒருவர் தாம் நெய்து முடித்த அரக்கு நிறச் சேலையைக் கொணர்ந்தார். தரம் பார்ப்பவர் அதை வாசல் வெளிச்சத்தில் விரித்தார். நடுவிலிருந்து முந்தானை வரை நிறம் சற்றே மாறியிருந்தது. ஊடை நூல் தீர்ந்தபோது, வேறொரு தடவை சாயமேற்றிய நூலை எடுத்து இரவிலேயே தார் சுற்றி நெய்திருக்கிறார். "ராத்திரி விளக்கில் இரண்டும் ஒன்றாகத்தானே ஐயா இருந்தது?" என்று கேட்டார். அவர் சொன்னது மெய்யே. ஆயினும் சேலை இரண்டாந்தரமாயிற்று. கூலியிலும் பிடித்தம் ஏற்பட்டது.

பிழை கண்ணில் இல்லை, விளக்கில் இருந்தது. ஆகவே, மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் எல்.இ.டி. பல்புகளின் நிறத்தைப்பற்றி நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றுவோம். மஞ்சள் ஒளி மின்சாரத்தை விழுங்கும், வெள்ளை ஒளியே சிக்கனம் என்று பலர் நம்புகின்றனர். மஞ்சளாக எரிந்த பழைய குண்டு பல்பின் நினைவே இதற்குக் காரணம். 60 வாட் குண்டு பல்பை நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரித்தால் மாதம் 9 யூனிட் செலவாகும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றரை யூனிட்டும் ஆகாது. அதன் நிறம் மஞ்சளாயினும் வெள்ளையாயினும் செலவில் பெரிய வேற்றுமை இல்லை.

ஒளியின் நிறம் அட்டைப்பெட்டியில் கெல்வின் என்னும் அளவால் குறிக்கப்பெறும். 2700 முதல் 3000 வரை இளமஞ்சள். 4000 நடுநிலை வெள்ளை. 6500 நீலச்சாயல் கொண்ட வெள்ளை. 6500 கெல்வினுக்கு 'டே லைட்' என்று பெயரிட்டு விற்பதால், அதனடியில் எல்லா நிறமும் பகலிற்போலவே தெரியும் என்று மயங்கலாகாது. வீட்டுக்கு வாங்கும் எல்.இ.டி. பல்புகளுள் பெரும்பாலானவற்றில் ஒளி பிறக்கும் சில்லு நீல ஒளியையே தரும். அதன்மேல் பூசிய மஞ்சள் பொடி அந்நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தோன்றுகிறது. மலிவான பல்புகளில் இக்கலவையில் சிவப்பு குறைவு. அதனால்தான் அரக்கும் குங்குமச் சிவப்பும் மங்கி, வேறு வேறான இரு நூல்கள் ஒன்றுபோல் தோன்றுகின்றன.

இதை அறிய மற்றோர் எண் உண்டு. அது சி.ஆர்.ஐ. எனப்படும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு 100க்கு இட்ட மதிப்பெண் என்று அதைக் கொள்ளலாம். சாதாரண வீட்டு உபயோகத்துக்கு 80 போதும். தறி வீட்டுக்கு 90க்கு மேற்பட்டதே தக்கது. விலை சற்று அதிகமாயினும், ஒரு சேலைக்குப் பிடித்தமாகும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்க.

இனி எந்த இடத்துக்கு எது? தறிக்கும் தார் சுற்றும் இடத்துக்கும் 4000 கெல்வின் பொருந்தும். இளமஞ்சள் ஒளியில் கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிதல் கடினம் என்பது நெசவாளர் அறிந்ததே. பிள்ளைகள் படிக்குமிடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுநிலை வெள்ளையே நன்று. படுக்கும் அறைக்கு இளமஞ்சள் ஏற்றது. நீலம் மிகுந்த ஒளி இரவில் உறக்கம் வருவதைத் தாமதப்படுத்தும். விடியற்காலைச் சந்தைக்காக இரவில் தக்காளியைப் பழம், செங்காய் என்று தரம் பிரிக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் சி.ஆர்.ஐ. மிகுந்த விளக்கே உதவும்.

எவ்வளவு நல்ல விளக்காயினும், புதிய நூலைத் தறியில் ஏற்றுமுன் பகலில், நேர்வெயில் படாத வாசல் வெளிச்சத்தில், பழைய நூலோடு சேர்த்துப் பார்த்துக்கொள்வதே உத்தமம். இரவில் நூல் தீர்ந்தால் தறியை அன்றைக்கு நிறுத்துவது நஷ்டமன்று.

சங்கங்களின் காரியதரிசிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தனி அங்கத்தினர் கடையில் நின்று சி.ஆர்.ஐ. விசாரித்து வாங்குவது எளிதன்று. சங்கமே மொத்தமாக வாங்கி வழங்கலாம். நூல் கொடுக்கும்போது ஒரு சேலைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவை சாயமேற்றியதாகக் கொடுக்கலாம். இவ்விரண்டும் நடைபெற்றிருந்தால், அன்று அந்த அங்கத்தினர் கூலியை இழந்திருக்க மாட்டார்.