தலைக்கு மேல் தேக்கு உத்திரம்!

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் பழைய மச்சு வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். கருத்துப் பளபளக்கும் மர உத்திரங்கள் வரிசையாகத் தெரியும்.

"பட்டிக்காட்டு வீடு மாதிரி இருக்கிறது" என்று ஒரு காலத்தில் பலர் இவற்றைப் பலகை அடித்து மறைத்தார்கள். இன்றோ புது வீடு கட்டுகிறவர்களே, "உத்திரம் வெளியே தெரிய வேண்டும்" என்று கேட்கிறார்கள்!

சுமப்பது எப்படி?

இந்தக் கூரைக்கு "மெட்ராஸ் டெரஸ்" என்று பெயர். சுவருக்குச் சுவர் உத்திரம் போடுவார்கள். அதன்மேல் ஒன்று, ஒன்றரை அடிக்கு ஒரு மரச்சட்டம். சட்டங்களின் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, சாய்வாக, நிற்க வைத்து அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டிக் கெட்டியாக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதித்தால் மாடி தயார்.

இத்தனை பாரமும் மரத்தின் மேல்தான்!

பர்மாவிலிருந்து வந்தது

செட்டிநாட்டு வீடுகளுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே நகரத்தார் லேவாதேவி செய்தார்கள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது. வியாபாரம் சிதறியது. 2014-ல் பர்மா அரசு தேக்குத் தடிகளை வெளிநாட்டுக்கு அனுப்பவே தடை விதித்தது. பழைய வீட்டை இடித்த தேக்குக்குக் கிராக்கி ஏற்பட்டதில் ஆச்சரியம் என்ன? காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் தூண், கதவு எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன.

நுனியைத் தட்டுங்கள்

வைரம் பாய்ந்த தேக்கைக் கறையான் எளிதில் தொடாது. ஆனால் தண்ணீர்? மாடியில் சின்ன விரிசல் போதும். மழைநீர் இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் நுனியில் தங்கிவிடும். நடுமரம் இரும்பு போல் இருக்கும். நுனி மட்டும் உளுத்திருக்கும். சுவர் ஓரத்தில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். "ணங்" என்றால் நல்லது. "தொப்" என்றால் ஆபத்து. ஆணி சுலபமாக இறங்கினாலும் அப்படித்தான்.

புது வீடுகளில் சில உத்திரங்கள் கான்கிரீட்டுக்கு அடியில் ஒட்டிய வெறும் பலகைப் பெட்டிகள். அவை எதையும் சுமப்பதில்லை. அழகுக்கு வைப்பதில் குற்றமில்லை. ஆனால் அதையே நினைத்துக்கொண்டு, பழைய வீட்டில் "ஒன்றை உருவினால் என்ன? நல்ல விலை வருமே!" என்று கை வைக்கக் கூடாது. அதன் பாரம் பக்கத்து மரங்களின் மேல் சாயும். கூரை கீழே தொங்கும். கீழே தூங்குவது பிள்ளைகள்!

நுனி உளுத்திருந்தால் முழு வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை. முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை அறுத்து, வேறு மரம் சேர்க்கத் தெரிந்த தச்சர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்பே அழைத்துவிடுங்கள். மாடித் தண்ணீர் போகும் குழாயில் அடைத்திருக்கும் வேப்பிலைச் சருகை அள்ளிப்போட மட்டும் தச்சர் வேண்டாம். வீட்டுப் பையனே போதும்.