விண்ணப்பம் போட்டாச்சு, அப்புறம்? ஆன்லைன் கோப்பு நகரும் கதை

"ஆன்லைன்லதானே போட்டோம், ஏன் இன்னும் வரலை?"

இ-சேவை மையங்களிலும் மாவட்டத் தொழில் மையங்களிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள். வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்பவர், தையல் யூனிட் வைக்க நினைப்பவர், மாவு மில் போடுபவர். இவர்களுக்கு இரண்டு வாரத் தாமதம்கூட சின்ன விஷயம் இல்லை. தீபாவளிக்குப் பலகாரம் செய்து விற்க நினைத்தவருக்குச் சான்றிதழ் கார்த்திகையில் வந்தால், வாங்கிப் போட்ட மாவுக்கும் எண்ணெய்க்கும் யார் பதில் சொல்வது?

கணினி வந்துவிட்டால் எல்லாம் உடனே நடந்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அது பாதிதான் உண்மை. கணினி கோப்பை வேகமாக நகர்த்தும். ஆனால் அந்தக் கோப்பு எத்தனை மேசைகளில் நின்றுவிட்டுப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது விதி. இந்த வித்தியாசம் புரிந்தால், விண்ணப்பம் எங்கே நிற்கிறது, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

தாளில் இருந்த காலம்

நம் மாநில அலுவலகங்களின் கோப்பு முறை மதராஸ் மாகாணக் காலத்தில் உருவானது. அப்போது பணியாற்றிய டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் இதை 'டாட்டன்ஹாம் முறை' என்பார்கள். மனு முதலில் தபால் பிரிவுக்கு வரும். எண் போட்டு உரிய பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே இருக்கும் உதவியாளர் அதைத் தன்பதிவேட்டில் ஏற்றுவார். பிறகு குறிப்பு எழுதி மேலே வைப்பார். கண்காணிப்பாளர் பார்த்து, கடைசியில் அலுவலர் முடிவெடுப்பார். அரசுக் கடிதங்களின் தலையில் 'ந.க.எண்' என்று பார்த்திருப்பீர்கள். கோப்பைத் தேடிப் பிடிக்க உதவும் அடையாளம் அதுதான்.

'சிவப்பு நாடா' என்று இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் யார், எந்தத் தேதியில், என்ன எழுதினார் என்பதற்குச் சாட்சியும் இதுதான். அலுவலர் மாறுதலாகிப் போனாலும் கோப்பு அங்கேயே இருந்து பேசும். பெரிய தனியார் நிறுவனங்களிலும் கதை ஏறக்குறைய இப்படித்தான். ஒரு பிரிண்டர் வாங்கக்கூட மேலாளர், கணக்குப் பிரிவு, கொள்முதல் பிரிவு என்று வரிசையாக ஒப்புதல் வேண்டியிருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தன்பதிவேடு அலுவலகத்துக்குள்ளேதான் இருக்கும். வெளியே நிற்கிற மனுதாரருக்குக் கிடைத்ததெல்லாம் "ஃபைல் மேல போயிருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் மட்டுமே.

திரைக்கு வந்ததும் மாறியது என்ன?

ஆன்லைன் முறை இந்தக் கதவைத்தான் முதலில் திறந்தது. விண்ணப்பித்ததும் ஒப்புகை எண் கிடைக்கிறது. செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். மனு எங்கே தேங்குகிறது என்பது அலுவலருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆனால் பழைய நடைமுறையை அப்படியே திரையில் ஏற்றினால் பலன் அதோடு நின்றுவிடும். ஐந்து கையெழுத்து ஐந்து லாகின் ஆகும், அவ்வளவுதான். வேலை உண்மையில் குறைவது ஒரு படியை எடுத்துவிடும்போதுதான்.

இதற்கு நல்ல உதாரணம் பச்சை மை. சான்றிதழ் நகலில் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் பச்சை மைக் கையெழுத்து வாங்க எத்தனை பேர் அலைந்திருப்போம்! அசலைச் சரிபார்க்கும்போது காட்டினால் போதும், நகலில் விண்ணப்பதாரரே கையெழுத்திடலாம் என்று 2013-14 வாக்கில் மத்திய அரசு வலியுறுத்தியது. இந்த மாற்றத்துக்கு ஒரு மென்பொருளும் தேவைப்படவில்லை. விதியை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

உத்யம்: படிகள் குறைந்த கதை

விதியும் தொழில்நுட்பமும் சேர்ந்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உத்யம் பதிவைச் சொல்லலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தின்படி, தொழில் முனைவோர் முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் பகுதி 1, பகுதி 2 என இரண்டு குறிப்பாணைகள் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. 2015-ல் ஒரே பக்கமுள்ள உத்யோக் ஆதார் வந்தது. 2020 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் உத்யம் பதிவு நடைமுறையில் உள்ளது.

இதில் ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டாம். ஆதார், பான் விவரங்களோடு சுய உறுதிமொழி கொடுத்தால் போதும். முதலீடு, விற்றுமுதல் விவரங்களை வருமான வரி, ஜி.எஸ்.டி. தரவுகளிலிருந்து அந்தத் தளமே எடுத்துக்கொள்ளும். ஒரு துறையின் தாளை இன்னொரு துறைக்குத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை விண்ணப்பதாரருக்கு இல்லை.

2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகளும் உயர்ந்துள்ளன. முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்குள்ளும் இருந்தால் அது குறு நிறுவனம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அரசுத் தளம் போலவே வடிவமைத்துப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் உண்டு. இணைய முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். இரண்டு, உத்யம் என்பது பதிவு, உரிமம் இல்லை. உணவுப் பொருள் விற்பவர் உத்யம் சான்றிதழை மட்டும் கடையில் மாட்டிவைத்தால் போதாது. உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ தனியாக வாங்க வேண்டும்.

கடிகாரம் இரண்டு பக்கமும் ஓடும்

நல்ல நடைமுறையில் காலக்கெடு இருக்கும். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகளைப் பாருங்கள். சிறு உணவு வணிகர் பதிவுக்கு விண்ணப்பித்தால், அலுவலர் 7 நாட்களுக்குள் பதிவு கொடுக்கலாம், காரணம் எழுதி மறுக்கலாம், அல்லது ஆய்வுக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். ஆய்வு என்றால் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்தக் கெடுவுக்குள் எதுவுமே நடக்கவில்லை என்றால் சிறு உணவு உற்பத்தியாளர் தொழிலைத் தொடங்கலாம் என்று அந்த விதிமுறையே சொல்கிறது. பின்னர் அலுவலர் சொல்லும் திருத்தங்களைச் செய்ய வேண்டிய பொறுப்பு மட்டும் அவருக்கு உண்டு. விண்ணப்பதாரரின் விளக்கத்தைக் கேட்காமல் பதிவை மறுக்கவும் முடியாது.

அதே கடிகாரம் நமக்கும் ஓடும். ஜி.எஸ்.டி. பதிவுக்கு விண்ணப்பித்தவரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் 7 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். நோட்டீஸ் வந்த மின்னஞ்சல் கணினி மையக்காரருடையதாக இருந்தால்? உங்களுக்குத் தெரியாமலேயே ஏழு நாளும் ஓடிவிடும்.

விண்ணப்பம் நின்றுவிட்டால் என்ன செய்யலாம்?

1. உங்கள் சொந்த செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மட்டுமே கொடுங்கள். யார் உதவியோடு விண்ணப்பித்தாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

2. பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தலைவலி. ஆதாரில் 'எஸ்.' என்று இருக்கும், பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயர் இருக்கும். மனிதர் பார்த்தால் புரிந்துகொள்வார், கணினி இரண்டு பேர் என்று நினைக்கும்.

3. ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். காலக்கெடுவைக் கணக்கிட அதில் உள்ள தேதிதான் ஆதாரம்.

4. நிலை என்ன என்பதைச் சரியாகப் படியுங்கள். 'நிலுவை' என்றால் பந்து அலுவலகத்தில் இருக்கிறது. 'திருப்பி அனுப்பப்பட்டது' என்றால் உங்களிடம் வந்துவிட்டது. கேட்ட எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் பதில் கொடுங்கள்.

5. தொழில் அனுமதிகளை எளிதாக்க 2018-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் பல துறைகளின் அனுமதிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம். சிறு தொழில்களுக்கு மாவட்டத் தொழில் மையம் வழிகாட்டும்.

6. கெடு தாண்டியும் பதில் இல்லையா? 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில், உங்கள் விண்ணப்பத்தின் மீது எந்தெந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். "ஏன் தாமதம்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இப்போது யாரிடம், எந்தத் தேதியிலிருந்து உள்ளது?" என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

அலுவலகத்துக்கும் ஒரு கேள்வி

படிவத்தை ஆன்லைனில் ஏற்றும் முன் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதிப் பார்க்கலாம்: இந்த விவரம் வேறொரு துறையிடம் ஏற்கெனவே இருக்கிறதா? டிஜிலாக்கரில் உள்ள சான்றிதழுக்கு அசலுக்கு நிகரான மதிப்பு இருக்கும்போது, அதே சான்றிதழின் ஜெராக்ஸைத் திரும்பக் கேட்பது யாருக்காக? இப்படி நீக்கும் ஒவ்வொரு கட்டமும் மனுதாரருக்கு ஒரு நடையை மிச்சப்படுத்தும், அலுவலருக்கு ஒரு சரிபார்ப்பைக் குறைக்கும்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். இப்போது ஏதாவது ஒரு விண்ணப்பம் நிலுவையில் இருந்தால், ஒப்புகைச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். அந்தச் சேவைக்கு எத்தனை நாள் கெடு என்று கேட்டு அதன் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். கெடு தெரிந்தவர் அலுவலகத்தில் கேட்கும் கேள்விக்கு "அடுத்த வாரம் வாங்க" என்று பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான்.