பட்டினிப் பாம்புக்குப் பத்தியம்

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது நாம் சிறு பராயந் தொட்டுக் கேட்டுவரும் பழமொழி. ஆனால், முதுகெலும்பு கூரைமுகடு போல் மேலெழுந்து, விலாவெலும்புகள் எண்ணத்தக்கனவாய், தலையைத் தூக்கவும் வலியற்றுக் கிடக்கும் பாம்பொன்றைக் கண்டால் எப்படைதான் நடுங்கும்? அஞ்சத்தக்கது என்று நாம் எண்ணிய பிராணி அப்பொழுது இரங்கத்தக்க நோயாளியாகவே தோன்றும். அந்நோயாளியை மிருக வைத்தியர்கள் எவ்வாறு மீட்டெடுக்கின்றார்கள் என்பதை இவ்வாரம் நோக்குவோம். பசித்த உயிருக்கு உதவப் புகுவோர் யாவர்க்கும் அதிற் கற்கவேண்டிய பாடமொன்று உண்டு.

காட்டிலே தன் விருப்பம்போல் திரியும் பாம்பு எளிதிற் பட்டினியால் வாடுவதில்லை. நம்மைப்போல் அது தன் உடலைச் சூடாக வைத்திருப்பதற்கென்று உணவைச் செலவிடுவதில்லை. வேண்டிய சூட்டை வெயிலிலிருந்தும் நிலத்திலிருந்தும் பெற்றுக்கொள்கின்றது. ஆதலின், வெங்கிணாந்தி என்று நம்மவர் கூறும் மலைப்பாம்பு நன்கு கொழுத்திருக்குமாயின், பல மாதங்கள் உண்ணாமலே உயிர்வாழ வல்லது. அத்தகைய பிராணி என்பும் தோலுமாய் நம் கண்ணிற் படுமாயின், அது நெடுங்காலம் துன்புற்றதென்பதில் ஐயமில்லை.

அத்துன்பத்துக்குப் பெரும்பாலும் மனிதன் கையே காரணம். கோழிக்கூட்டு வலையிற் சிக்கிக் காயமுற்றவை சில. கண்ணாடிப் பெட்டியிற் போதிய சூடின்றி அடைபட்டிருந்தவை சில. பாம்பாட்டியின் கூடையிற் சுருண்டு கிடந்தவை சில. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாகபாம்பைப் பிடித்து வைத்திருத்தல் குற்றமாகும். ஆயினும், நாகபஞ்சமி காலத்தில் அங்கு இன்றும் கூடைகளிலிருந்து நாகங்கள் மீட்கப்படுகின்றன. நச்சுப்பற்கள் பிடுங்கப்பட்டு, வாய் புண்பட்டு, நீருமின்றி வாட்டப்பட்டவை அவை. பாற்கிண்ணத்தை அருகில் வைத்தவுடன் அவை குடிப்பதைக் கண்டு அடியார்கள் மெய்சிலிர்ப்பர். உண்மையில் அது தாகத்தின் கொடுமை. பால் பாம்பின் உணவன்று; அதைச் செரிக்கும் ஆற்றலும் பாம்பின் வயிற்றுக்கு இல்லை.

நலமுள்ள பாம்பின் உடல் உருண்டு திரண்டிருக்கும். பட்டினி கிடந்த பாம்பிலோ, முதலில் வயிற்றினுட் சேமித்த கொழுப்புக் கரைகின்றது. பின்னர் முதுகெலும்பின் இரு மருங்குமுள்ள தசை கரைகின்றது. உடல் முக்கோண வடிவாய்க் குறுகுகின்றது. தோல் மடிப்பு மடிப்பாய்த் தொங்குகின்றது, கண்கள் குழிவிழுகின்றன, பழைய சட்டை முற்றாய்க் கழலாமல் துண்டு துண்டாய் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. உண்ணிகளும் குடற்புழுக்களும் இருக்கும் சிறிது இரத்தத்தையும் பங்கிட்டுக்கொள்கின்றன.

இக்கோலத்தைக் கண்டவுடன், “ஐயோ, ஏதாவது தின்னக் கொடுப்போம்” என்ற எண்ணமே நம் மனத்தில் முந்தி எழும். அவ்விரக்கமே அதற்கு யமனாய் முடியவுங்கூடும்.

காரணம் இது. நெடுநாட் பட்டினியின்போது உடலிலுள்ள பொசுபேற்று, பொற்றாசியம், மகனீசியம் முதலிய உப்புக்களின் கையிருப்புக் குறைந்துவிடுகின்றது. அந்நிலையிற் பேருணவொன்று உள்ளே சென்றால், இன்சுலின் சுரந்து, உடலின் கலங்கள் யாவும் ஒருங்கே விழித்தெழுந்து, குருதியில் எஞ்சியிருக்கும் அவ்வுப்புக்களையும் உறிஞ்சிக்கொள்கின்றன. உப்புக் குன்றிய குருதியால் இதயத் துடிப்புத் தடுமாறுகின்றது, மூச்சுத் தளர்கின்றது. வயிறு நிறைந்த பாம்பு ஓரிரு நாளில் மாண்டுபோகின்றது.

மனிதர்க்கும் இதே நியதிதான். 1945 ஆம் ஆண்டு ஏப்ரில் 15 ஆந் திகதி யேர்மனியிலுள்ள பேர்கன் பெல்சன் சிறைமுகாமைப் பிரித்தானியப் படையினர் மீட்டபோது, ஏறத்தாழ 60,000 பேர் அங்கே உயிரோடிருந்தனர். விடுதலைக்குப் பின்னரும் அவர்களுள் 13,000 பேருக்கு மேல் இறந்தனர். தொற்றுநோயும் நெடும் பட்டினியுமே பெருங்காரணங்கள். ஆயினும், படைவீரர் இரங்கிக் கொடுத்த கொழுப்பு மிகுந்த உணவை ஒட்டிய வயிறு தாங்காமையாலும் பலர் கேடுற்றனர். பட்டினியின் பின் உணவே ஆபத்தாகக்கூடும் என்பதை வைத்திய உலகம் அக்காலத்துத் துயரங்களிலிருந்து நன்கு கற்றுக்கொண்டது.

ஆகவே, பாம்பின் சிகிச்சையில் உணவுக்குரிய இடம் மூன்றாவதாகும். முதலாவது சூடு, இரண்டாவது நீர்.

சூடில்லையேல் பாம்பின் உடலில் எவ்வேலையும் நடவாது. குளிர்ந்த பாம்பின் வயிற்றிற் சென்ற இரை செரியாது அழுகும். ஆதலின், அமைதியான பெட்டியொன்றில் ஒரு புறம் ஏறத்தாழ 30 பாகை செல்சியசு வெப்பமும், மறுபுறம் சற்றுத் தணிந்த வெப்பமும் இருக்கச் செய்து, ஒளிந்துகொள்ள மறைவிடமும் வைக்கின்றனர். தனக்கேற்ற இடத்தை நோயாளி தானே தெரிந்துகொள்ளும்.

அடுத்து, இளஞ்சூடான ஆழமற்ற நீரில் அதனை இருபது அல்லது முப்பது நிமிடம் கிடக்க விடுகின்றனர். தலையைத் தூக்க வலியற்ற பாம்பு நாலு விரல் நீரிலும் மூழ்கி இறக்கக்கூடும். எனவே காவலின்றி விடலாகாது. தானாய்க் குடியாத பாம்புக்கு வைத்தியர் மெல்லிய குழாய் வழியாகவோ ஊசி வழியாகவோ நீரும் உப்பும் ஏற்றுவர். உடல் நிறையிற் கிலோகிராம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் வரை என்பது பொதுவான அளவு. சில நாளில் தோல் மடிப்புகள் மறையும். சுண்ணம் போன்ற வெண்கழிவும் வெளிப்படும். உணவைப்பற்றி நினைக்கத் தகுந்த வேளை அதுவே.

முதலுணவு மிகச் சிறியதாதல் வேண்டும். வைத்தியர் சிலர் நீர்த்த உணவைக் குழாய் வழியே சிறிது சிறிதாய்ச் செலுத்துவர். சிலர் பாம்பின் பருமனிலும் மெல்லிய, இறந்த சுண்டெலியொன்றைச் சூடாக்கி வைப்பர். அதன்பின் இரண்டொரு நாள் பாம்பைத் தொடலாகாது. அது இரையைக் கக்கிவிடுமாயின், உடனே இன்னொன்றைத் திணிக்காமல் ஏறத்தாழ இரு வாரம் பொறுத்தே மீண்டும் தொடங்குவர். கக்காதிருப்பின், நாட்கணக்கில் இடைவெளி விட்டு, சிறிது சிறிதாய் அளவைக் கூட்டுவர்.

பாம்புக்குச் செரித்தல் எத்துணைப் பெரும் வேலை என்பதை அறிந்தோர்க்கு இப்பொறுமையின் பொருள் விளங்கும். 1990 களில் அமெரிக்க ஆய்வாளர் ஸ்ரீபன் சேக்கர், ஜாரெட் டயமண்ட் ஆகியோர் பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்தனர். இரை உண்டபின் அவற்றின் சிறுகுடல் ஏறத்தாழ இரு மடங்கு நிறை பெறுவதையும், உடலின் ஒக்சிசன் செலவு பன்மடங்கு உயர்வதையும் கண்டனர். உண்ணாக் காலத்திற் சுருங்கிக் கிடக்கும் உறுப்புகளை ஒவ்வொரு விருந்துக்கும் புதிதாய் வளர்த்தெடுக்க வேண்டியிருக்கின்றது. கையில் முதலற்ற ஏழை பெருவியாபாரம் தொடங்குவது போன்றதன்றோ இது!

நிறையை ஒழுங்காய் நிறுத்துக் குறித்து வைப்பர். முதல் வாரத்தில் ஏறும் நிறை பெரும்பாலும் நீரின் நிறையே. அதனைக் கண்டு களித்து உணவை மிகுத்தலாகாது. தசை திரும்புவதற்குப் பல மாதங்கள் செல்லும். ஒரு நாட் காலையிற் சட்டை முழுமையாய், ஒரே துண்டாய்க் கழன்று கிடக்குமாயின், அது நற்குறிகளுள் ஒன்று.

இதனை வாசிக்கும் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. இது வீட்டிற் செய்து பார்க்கும் பரீட்சையன்று. நாகமும் புடையனும் மெலிந்திருந்தாலும் அவற்றின் நஞ்சு மெலிவதில்லை. மலைப்பாம்போ நமது நாட்டிற் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட பிராணி. மெலிந்த பாம்பொன்று வேலியோரத்திற் கிடக்கக் கண்டால், பிள்ளைகளையும் நாயையும் அப்பால் அழைத்துக்கொண்டு, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். தடியையும் எடுக்கவேண்டாம்; பாற்கிண்ணத்தையும் தேடவேண்டாம். உதவி வரும்வரை அதனைச் சுற்றிக் கூட்டங் கூடாமற் பார்த்துக்கொள்வதே நாம் அதற்குச் செய்யக்கூடிய பேருதவியாகும்.