ஒரே தகடு, ஒரே அழுத்து, அத்தனை நிறம்!

காட்பாடி தாண்டிச் சித்தூர் ரோட்டைப் பிடித்தால் ஒரு மணி நேரப் பயணம். அந்தச் சித்தூர்ப் பக்கத்து நந்தனூரில் 1925-இல் பிறந்த ஒருவர், பாரிஸில் இருந்துகொண்டு அச்சுக்கலையையே புரட்டிப் போட்டிருக்கிறார், தெரியுமா? கிருஷ்ணா ரெட்டி! 1911 வரை நம் வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரே சித்தூர்தான். அதனால் அவரை நம்ம ஊர்க்காரர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்வேன்.

சாந்திநிகேதனில் படிப்பு, சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவுப் பொறுப்பு, லண்டனில் ஹென்றி மூரிடமும் பாரிஸில் ஸாட்கினிடமும் சிற்பம். அப்புறம்தான் ஸ்டான்லி ஹெய்ட்டரின் ‘அட்லியே 17’ அச்சுக்கூடம். வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம். எனக்கு இங்கேதான் கை பரபரக்கிறது!

மேசை மேல் ஓர் உலோகத் தகடு. அமிலம் அரித்தும் கருவியால் சுரண்டியும் மேடு, சரிவு, பள்ளம் என்று ஒரு குட்டி மலைநாடே அதில் கிடக்கிறது. சிற்பியின் கை அல்லவா! முதலில் ஒரு மையைப் பள்ளங்களில் திணித்து, மேலே துடைத்துவிடுகிறார்கள். அடுத்து, ஆளிவிதை எண்ணெய் தாராளமாகக் கலந்து இளக்கிய மை. கெட்டி உருளையில் ஏறி, மேட்டை மட்டும் தொட்டுக்கொண்டு போகிறது. பிறகு, எண்ணெய் குறைந்த இறுகிய மை, மெத்தென்ற உருளையில். இந்த உருளை அமுங்கிக் கீழே வரை இறங்கும். அப்படியானால் மேட்டிலும் அந்த மை படத்தானே வேண்டும்? படாது! முன்பே அங்கே உட்கார்ந்திருக்கும் எண்ணெய் மை அதை ஒட்டவிடாது. நிறங்கள் கலந்து சேறாகாமல் அவரவர் இடத்தில் நிற்கின்றன. ஈரக் காகிதம் போட்டு ஒரே ஓட்டு. அத்தனை நிறமும் சேர்ந்து எழுந்து வருகிறது!

நிறத்துக்கு ஒரு தகடு என்ற வழக்கத்தை 1950களில் ஹெய்ட்டர், அதே அச்சுக்கூடத்தில் இருந்த கைகோ மோத்தி ஆகியோரோடு சேர்ந்து ரெட்டி மாற்றிய கதை இதுதான். 1963-இல் ‘நீர்ச்சுழல்’ என்ற அச்சோவியம் வந்தது. 1968 பாரிஸ் மாணவர் போராட்டம் ‘ஆர்ப்பாட்டக்காரர்கள்’ ஆயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ, பின்பு நியூயார்க்கில் ஆசிரியப் பணி. 2018-இல் மறைந்தார். ஆனால் என்னைக் கட்டிப்போடுவது 1981-இன் ‘மாபெரும் கோமாளி’. சர்க்கஸ் வட்டம் முழுக்கச் சிதறித் தெறிக்கும் அந்தக் கோமாளியை, ஒரே தகட்டிலிருந்து வேறு வேறு வண்ணச் சேர்க்கைகளில் எடுத்துக்கொண்டே இருந்தார்.

ஆம்பூர் டேனரியில் ஃபினிஷிங் வேலை பார்க்கும் மாமாவிடம் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஊட்டாவிட்டால் அப்பளமாய் விறைத்துவிடும் என்று அறிந்த கை அது. எந்த மையில் எவ்வளவு எண்ணெய் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கோமாளியைக் கைப்பேசியில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “படம் இருக்கட்டும் மாப்ள, அந்தத் தகடு இருந்தா காட்டு” என்றார்.